வடக்குச் சுவரின் மாடம்

சுவிட்சர்லாந்தில் எங்கள் கிராமத்துக்கு மேலே உள்ள கோட்டையில் மிஞ்சியிருப்பவை இரண்டரைச் சுவர்கள். தெற்குச் சுவர் முற்றாக விழுந்துவிட்டது. கிழக்குச் சுவர் என் நெஞ்சளவு உயரம். மேற்கும் வடக்கும் ஏறக்குறைய இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கின்றன. உள்ளே நீளவாக்கில் நடந்தால் பதினேழு எட்டு, குறுக்கே பன்னிரண்டு. கூரை இல்லை. நடுவில் ஒரு மேப்பிள் மரம் தானாக முளைத்து வளர்ந்திருக்கிறது. அதன் கீழே உட்காருவதற்குக் கிராம சபை ஒரு வாங்கு போட்டிருக்கிறது.

கோட்டை என்று எழுதுவது வேறு சொல் அகப்படாததால்தான். ஊரவர்கள் புர்க் என்கிறார்கள். நாலு மூலையிலும் கோபுரம் வைத்து துன் என்கிற பக்கத்து நகரத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற துன் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு, இது யாரோ கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட வீடு போலத்தான் தெரியும்.

அங்கே ஒரு பலகை நிற்கிறது. அதில் உள்ள வரலாறு ஒன்பது வரி. ஏரியோரப் பாதையையும் அதில் சுமையோடு போன கோவேறு கழுதைகளையும் மேலிருந்து கண்காணித்த ஒரு சிறிய பிரபுக் குடும்பம் இங்கே சில தலைமுறைகள் வாழ்ந்தது. பிறகு வாரிசு இல்லாமல் போனது. இடம் ஒரு மடாலயத்தின் கைக்கு மாறியது. துறவிகளுக்கு மலைச் சரிவில் ஒரு வீடு தேவைப்படவில்லை. முதலில் கூரை போனது, பிறகு கல் போனது. போர் நடந்ததாகத் தகவல் இல்லை. முற்றுகை இல்லை, தீ இல்லை, கொலை இல்லை. இலங்கையில் நான் சில வருடங்கள் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். இப்படி ஒரு செய்தி வந்தால் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி கொடுத்திருப்போம், படம் இல்லாமல்.

எங்கள் சமையலறை யன்னலில் நின்றால் மேற்குச் சுவரின் மேல் விளிம்பு தெரியும். பதினாலு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தோம். ஒரு நாளாவது ஏறிப் போகவில்லை. எனக்கு இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மனைவி துன்னில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்பவள். ஒரே நிலையத்திலிருந்து எதிரெதிர்த் திசை ரயில்கள். விடுமுறை நாளில் மலை ஏறுவது சுவிஸ்காரர்களின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நாங்கள் இருவரும் மகளும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். எழுத்துப் பரீட்சை முடிந்து, கெமைண்டே என்கிற கிராம சபையில் நேர்முகம். தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மகளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மிச்ச நேரம் அவளுடைய கைப்பந்து அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். என்னிடம் ஹோட்டல் சமையலறையைப் பற்றிக் கேட்டார்கள். மனைவியிடம் கோட்டையைப் பற்றிக் கேட்டார்கள்.

அவள் தயாராகத்தான் போனாள். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் நேர்முகத்துக்குப் போய் வந்ததும் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டிய பதில்களையும் எழுதிவைப்பார். ஜேர்மன் வசனங்கள் தமிழ் எழுத்தில் இருக்கும். அது பிரதியெடுக்கப்பட்டுக் கைமாறும். பள்ளிக்கூடத்தில் பழைய வினாத்தாள்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிய பழக்கம். எங்களுக்கு வந்தது துன்னில் இருக்கும் ஒரு அண்ணை தந்த பிரதி, இருபத்திரண்டு பக்கம். கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டே மனைவி அதை முழுதாகப் பாடமாக்கினாள்.

எங்கள் கோட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டதும் அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். நாலு மூலையிலும் கோபுரம் உண்டு, உள்ளே பெரிய மண்டபம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. அந்த அண்ணை வசிப்பது துன்னில். அவர் எழுதிவைத்தது துன் கோட்டை.

எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண், நல்ல குணத்தோடுதான், "எங்கள் புர்க்குக்கு எப்போதாவது ஏறிப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் திறக்கவில்லை. குப்பையை எந்தக் கிழமை வைப்பது, ஆளும் சபையில் எத்தனை பேர், எல்லாம் தெரியும். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கும் மகளுக்கும் சரி என்று கடிதம் வந்தது. அவளுக்கு வந்த கடிதத்தில், இடத்தோடு இன்னும் பழக வேண்டும், பிறகு மீண்டும் அழைப்போம் என்று இருந்தது.

அந்தக் குடியுரிமை அவளுக்கு எதற்குத் தேவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லண்டனில் அவளுடைய அக்கா இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இருக்க வேண்டும், பயணம் செய்ய முடியாது. மனைவியிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. அதைக் கொண்டு இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தோம், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் அந்த விசா கேட்க வேண்டியதில்லை. பதினாறு வருடமாக இருவரும் தொலைபேசியில்தான் சகோதரிகள்.

இரண்டாவது அழைப்பு அடுத்த வருடக் கோடையில் வரலாம் என்று தெரிந்ததும், துன் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். திருத்திய பிரதி இருக்கிறதாம்.

"வேண்டாம் அண்ணை," என்றாள் மனைவி. "நான் ஏறிப் பாக்கப் போறன்."

"எதையம்மா பாக்கப் போறாய்? உங்கட ஊரில இருக்கிறது நாலு கல்லு."

"அந்த நாலு கல்லைத்தான் அண்ணை."

அந்த வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய வேலை முடிந்து இருவரும் ஏறினோம். முதல் நாள் மகளும் வந்தாள். நாற்பது நிமிட ஏற்றம், உயர்ந்த காட்டு மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மேலே போய்ச் சேர்ந்ததும் மகள் சுற்றிவரப் பார்த்தாள்.

"அம்மா, இது சுவர். ஒரு படம் எடுத்துட்டுப் போவம்."

"உனக்குச் சுவர். எனக்குச் சோதனை," என்றாள் மனைவி.

மகள் பிறகு வரவில்லை. நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம்.

நான் பலகையைப் படிப்பேன். அவள் சுவரைப் பார்ப்பாள். ஒரு நாளில் பதினெட்டு அறைகளுக்குள் நுழைந்து, எது எங்கே இருந்தது, யார் எதை நகர்த்தினார்கள் என்று பார்த்தவுடன் அறியும் கண் அவளுக்கு. மேற்குச் சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாக இருந்த சதுரக் குழிகளை நான் பறவைக்கூடு என்று நினைத்திருந்தேன்.

"தீராந்தி வைச்ச ஓட்டை," என்றாள். "அந்த மரத்துக்கு மேலதான் மேல்மாடிப் பலகை இருந்திருக்கும். வாசலைப் பாருங்கோ, நிலை இருந்த இடத்தில கல்லு உடைஞ்சிருக்கு. நிலையைத்தான் முதல் கழட்டியிருப்பினம்."

"பலகையில கூரைதான் முதல் போனது எண்டு கிடக்கு."

"கூரையில ஏற முதல் கதவைக் கழட்டுவினம். ஆக்கள் இல்லாத வீட்டை அந்த ஒழுங்கிலதான் கழட்டுறது. கதவு, நிலை, யன்னல். பிறகு ஓடு. பிறகு மரம். கடைசியாத்தான் கல்லு, அது பாரம்."

அவள் ஒரு சலவைப் பட்டியலைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், அவளுடைய குடும்பம் வீட்டை விட்டு ஒரே நாளில் வெளிக்கிட்டது. சில வருடங்கள் கழித்துப் போனபோது எது எது இருந்தது, எது எது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது முறை போனபோது கல்லும் இல்லை, கிணறு மட்டும் இருந்தது. இதை அவள் முன்பு எனக்கு ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். அன்று கோட்டை வாசலில் நின்று இரண்டாவது தடவை சொன்னாள். பிறகு, "தண்ணி கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

அவளுடைய கண்ணில் கடைசியாகப் பட்டதுதான் வடக்குச் சுவர்.

அந்தச் சுவரின் உட்பக்கத்தில், விழுந்த கல்லும் மண்ணும் சேர்ந்து நிலம் மேடாகியிருக்கிறது. அதனால் ஒரு காலத்தில் மேல்மாடியில் சுவரைக் குடைந்து வைத்த ஒரு மாடம் இப்போது நிற்பவரின் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. ஒரு முழம் ஆழம். அடியில் வழவழப்பான ஒரு கல். கல்லின் நடுவில் சற்றே பள்ளம், பின்னால் மண் அடைத்துப்போன ஒரு துவாரம். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால், அதே இடத்தில் சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் கல் மூக்கு. அதற்குக் கீழே செங்குத்தான சரிவு.

அவள் உள்ளே பார்த்தாள். வெளியே போய்ப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்தாள்.

"இது என்ன திசை?"

கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து காட்டினேன். வடக்கு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோமுகி," என்றாள்.

எங்கள் கோயில்களில் கருவறையில் அபிஷேகம் செய்த நீர் வடக்குப் பக்கச் சுவரில் உள்ள கோமுகி வழியாகத்தான் வெளியே வரும். அதைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்வோம். உள்ளே மாடம், வெளியே மூக்கு, திசை வடக்கு. செய்தி மேசையில் இரண்டு சான்று போதும் என்பார்கள், இங்கே மூன்று இருந்தன. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

"அவையும் சாமி வைச்சிருந்தவை," என்றாள். "வேற சாமி. எண்டாலும் சாமிதானே."

அடுத்த ஞாயிறு முதல் எங்கள் பல்கனித் தொட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஜெரேனியம் பூ எங்களோடு மேலே வந்தது. அவள் அதை மாடத்துக் கல்லில் வைத்துவிட்டுக் கண் மூடி நிற்பாள். நான் மேப்பிள் மரத்தின் கீழே வாங்கில் இருப்பேன். என்ன கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பி இறங்கும்போது அக்காவைப் பற்றிப் பேசுவாள். அந்தக் கிழமை இரத்த அழுத்தம் எப்படி இருந்தது, சாப்பாடு இறங்கியதா என்றெல்லாம். ஆகவே தெரியும்.

வீட்டில் பதில் தயாரானது. இந்த முறை பிரதி இல்லை, அவளுடைய சொந்த வசனங்கள். எங்கள் கோட்டைக்குக் கூரை இல்லை. எங்கள் கோட்டையில் ஒரு சிறிய வழிபாட்டிடம் இருந்தது. அது வடக்குச் சுவரில் இருக்கிறது. மகள் சோபாவில் படுத்துக்கொண்டே ஜேர்மன் வசனங்களைத் திருத்துவாள்.

"அம்மா, டொச் வசனம் சரி. ஆனால் பலகையில சாமியறை எண்டு ஒண்டும் இல்லையே."

"பலகை எழுதினவை வடக்குப் பக்கம் போகேல்லைப் போல."

நேர்முகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, ஏதோ கடிதம் கொடுக்க நான் கெமைண்டே அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் ஒரு மெல்லிய புத்தகம் அடுக்கி வைத்திருந்தார்கள். கோட்டையைப் பராமரிக்கும் சங்கத்தின் வெளியீடு. எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், திரும்பி வரும் ரயிலில் படித்தேன். நடுப்பக்கத்தில் கோட்டையின் வரைபடம், இடங்களுக்கு எண் போட்டு, கீழே விளக்கம். வடக்குச் சுவரில் மாடம் இருக்கும் இடத்தில் ஏழு. ஏழு என்ன என்று பார்த்தேன். கழிப்பிடம் என்று இருந்தது.

மேலே எண்ணைப் பார்த்தேன், கீழே விளக்கத்தைப் பார்த்தேன், மறுபடி மேலே பார்த்தேன். வெளியே நீட்டிய கல் மூக்கைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. சரிவுக்கு மேலே அதை ஏன் வைத்தார்கள் என்பதற்குக் காரணமும் இருந்தது. நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு, அடுத்ததில் இறங்கி ஏரிக்கரையால் நடந்து வந்தேன்.

அந்த நடையில் நான் யோசித்தது இவ்வளவுதான். சொல்லாவிட்டால், அவள் செவ்வாய்க்கிழமை மூன்று பேர் முன்னால் கழிப்பிடத்தைக் கோயில் என்பாள். மூவரில் ஒருவர், போன வருடம் என்னையும் கேள்வி கேட்ட வெள்ளைத் தாடிக்காரர், அந்தச் சங்கத்தின் ஆள். புத்தகத்தின் பின்னட்டையில் அவருடைய படம் இருந்தது. சொன்னால், அவள் மறுபடியும் வாயை மூடிவிடுவாள். இரண்டிலும் அக்கா லண்டனில், இவள் இங்கே.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். அவளிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். அங்கை போய் அம்மா வெட்கப்படக் கூடாது," என்றாள்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அச்சுப் பிழையைக் காட்டுவதுபோல, எண்ணிலும் விளக்கத்திலும் விரலை வைத்துச் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பட்டது.

"கக்கூஸோ?" என்றாள்.

"ஓம்."

மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். மனைவி எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. மகள் போய்ப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "சொறி அம்மா, தெரியாமல் சிரிச்சிட்டன்," என்றாள்.

"நீ சிரி. சிரிக்கக்கூடியதுதானே." தண்ணீரை நிறுத்தினாள். "ஒன்பது கிழமை. ஒன்பது கிழமை அங்கை நிண்டு அக்காவுக்காகக் கேட்டனான்."

படுக்கப் போகும்போது, "செவ்வாய்க்கிழமை நான் போகேல்லை," என்றாள்.

வியாழனும் வெள்ளியும் கோட்டைப் பேச்சே வரவில்லை. சனிக்கிழமை நான் காலை வேலை முடிந்து வந்தபோது அவள் வீட்டில் இல்லை. மலை ஏறும் சப்பாத்தும் இல்லை. நானும் ஏறிப் போனேன். உள்ளே பார்த்தேன், காணவில்லை. வெளியே வடக்குச் சுவரின் கீழே, சரிவில், ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு மேலே கல் மூக்கைப் பார்த்தபடி நின்றாள்.

"கவனம்! என்னத்தைப் பாக்கிறீர்?"

"இஞ்சை வாங்கோ. இல்லை, வராதேங்கோ, விழுந்திடுவியள். நான் வாறன்."

மேலே ஏறி வந்தாள். பாவாடை முழுக்க மண். என்னை உள்ளே மாடத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் ஒரு நாளைக்குப் பதினெட்டு கக்கூஸ் கழுவுறன். ஆக்கள் எப்பிடி இருப்பினம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதில ஒரு மனிசர் இருந்தால் முழங்காலை எங்கை வைக்கிறது? உங்கட கையை நீட்டுங்கோ."

நீட்டினேன். முழங்கை வரைதான் போனது.

"ஒரு முழம். இதுக்குள்ள இருக்கேலுமோ? நீங்கள் இருப்பியளோ?"

"நான் ஏன் இருக்கிறன்?"

"பிறகு இந்தப் பக்கம் பாருங்கோ." மாடத்துக்கு வலது புறம், இரண்டு எட்டுத் தள்ளி, கற்கள் கறுத்திருந்தன. மழைக் கறுப்பு என்று நான் நினைத்திருந்தேன். அவள் விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்துக் காட்டினாள். கரி. "அடுப்பு இருந்திருக்கு. அடுப்புக்குப் பக்கத்தில கக்கூஸ் வைப்பினமோ? இது கழுவின தண்ணி ஊத்துற இடம். அடுப்படித் தொட்டி."

"புத்தகத்தில அப்பிடி இல்லை."

"நீங்கள் வேலை செய்த பேப்பரில வந்ததெல்லாம் சரியோ?"

நானும் விரலை நனைத்துக் கரியைத் தேய்த்துப் பார்த்தேன்.

வாங்கில் போய் இருந்தோம். ஏரியில் ஒரு கப்பல் துன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பாவாடை மண்ணைத் தட்டினாள்.

"அடுப்படி எண்டால் பரவாயில்லை," என்றாள். "அடுப்படியில பூ வைக்கலாம்."

பிறகு, "செவ்வாய்க்கிழமை என்னத்தைச் சொல்லுறது? புத்தகத்தில இருக்கிறதையோ, நான் கண்டதையோ?" என்று கேட்டாள்.

போகிறாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. "புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லும்," என்றேன். "பிரச்சினை இல்லாமல் முடியும். அந்தத் தாடிக்காரர்தான் புத்தகம் எழுதினவர்."

அவள் எழுந்து, இறங்கும் பாதையில் முன்னால் நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். கூட யாரும் உள்ளே போக முடியாது. நடைபாதையில் மர வாங்கில் இருந்தேன். எதிரே கிராமத்தின் பழைய படங்கள் மாட்டியிருந்தன. கதவு தடித்தது, சொற்கள் கேட்கவில்லை. முதல் பத்து நிமிடம் அவளுடைய குரல் இல்லை. பிறகு இருந்தது, தனியாக, இடைவெளி விட்டு, நெடுநேரம். பிறகு ஒரு முழு அமைதி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளே பலத்த சிரிப்பு எழுந்தது. ஆண் சிரிப்பு, பெண் சிரிப்பு. எந்த வகைச் சிரிப்பு என்பதை மூடிய கதவுக்கு வெளியே இருந்து சொல்ல முடியாது.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே வாசலுக்கு நடந்தாள். வேகமாகப் பஸ் தரிப்பிடம் வரைக்கும் போனாள். அங்கே உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினாள்.

"கடிச்சுப் போட்டுது."

"என்ன நடந்தது?"

"போன முறை சொன்னது துன் கோட்டை, அது பாடமாக்கினது எண்டு முதலே சொல்லிப்போட்டன். அந்தப் பொம்பிளை, எனக்கும் அப்பவே தெரியும் எண்டா. பிறகு இது எப்பிடி இடிஞ்சது எண்டு கேட்டவை. இடியேல்லை, கழட்டினது எண்டு சொன்னன். கதவு, நிலை, யன்னல், ஓடு, மரம், கல்லு. தாடிக்காரர் பேனையை வைச்சிட்டு, இந்த ஒழுங்கு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டார். எங்கட வீட்டைச் சொன்னன்."

"அதையும் சொன்னீரோ?"

"கேட்டவர். சொன்னன். ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்தப் பொம்பிளை தண்ணி ஊத்தித் தந்தவ." காலைத் தேய்த்துக்கொண்டாள். "பிறகு நான்தான் நினைச்சன், இப்பிடியே விட்டால் எல்லாரும் அழப்போகினம். அதாலை மாடத்தைச் சொன்னன். சாமி எண்டு நினைச்சதை, பூ வைச்சதை, பிறகு புத்தகத்தில கக்கூஸ் எண்டு பாத்ததை."

"அதுக்குத்தான் சிரிச்சவையோ?"

"தாடிக்காரர்தான் கூடச் சிரிச்சவர். கண்ணைத் துடைச்சுக்கொண்டு, 'அந்தப் பூ நீங்களோ!' எண்டார். திங்கட்கிழமைகளில அவர்தான் அங்கை குப்பை பொறுக்கிறவராம். யாரோ காதலிக்கிற ஆக்கள் எண்டு நினைச்சவராம். எறிய மனமில்லாமல் விட்டவராம். எங்கட கக்கூசுக்கு இப்பிடி ஒரு மரியாதை ஒரு காலத்திலயும் கிடைச்சிருக்காது எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அப்ப நான் சொன்னன், அது கக்கூஸ் இல்லை எண்டு."

"சொன்னீரோ!"

"சொல்லாமல்? முழங்காலைச் சொன்னன். கரியைச் சொன்னன். சிரிப்பு நிண்டிட்டுது."

பஸ் வந்தது. அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏறினாள். மிச்சத்தை இருக்கையில் இருந்து சொன்னாள். தோண்டிப் பார்த்த ஆய்வாளர் இரண்டையும் எழுதியிருந்தாராம், கழிப்பிடமாகவும் இருக்கலாம், சமையலறை வடிகாலாகவும் இருக்கலாம் என்று. புத்தகம் சின்னது, எண்ணுக்கு நேரே ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கழிப்பிடம் என்றதும் எல்லோரும் ஓடி வந்து பார்ப்பார்கள். அதனால் தாடிக்காரர் அதைத் தெரிந்தெடுத்தார். முழங்காலைப் பற்றித் தானும் யோசிக்கவில்லை, ஆய்வாளரும் யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டாராம்.

இடம் போதாமல் இரண்டு சாத்தியத்தில் ஒன்றை வெட்டிவிடுவது. நானே எத்தனை தடவை செய்திருப்பேன்.

"அப்ப அது உண்மையில என்னவாம்?"

"தெரியாதாம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அடுப்படி எண்டுதான் சொல்லுவன்."

"நான் புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லும் எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம். அதையும் சொன்னன். பிறகு அது பிழை எண்டும் சொன்னன்."

கிராம சபையின் சம்மதக் கடிதம் மூன்று கிழமையில் வந்தது. அது முதல் படிதான். அதற்கு மேலே மாநிலம், அதற்கு மேலே நடுவண் அரசு. எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தில் அக்கா இரண்டு முறை வைத்தியசாலையில் கிடந்தார். ஒரு முறை நாலு நாள் பேச்சில்லை. மனைவி வேலைக்குப் போனாள், வந்தாள், தபால் பெட்டியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மழை இல்லாவிட்டால் ஏறினோம். பூ வைப்பதை அவள் நிறுத்தவில்லை. சில கிழமைகளில் நாங்கள் போகும்போதே மாடத்தில் ஒரு பூ இருக்கும், எங்கள் தொட்டியில் இல்லாத வகை. யார் வைத்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அவள் தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைப்பாள்.

சிவப்புக் கடவுச்சீட்டு ஒரு மார்ச் மாதம் வந்தது. நாலாவது நாள் அவள் புறப்பட்டாள், தனியாக. மகளுக்குப் பரீட்சை, எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் மகள் அவளுக்கு லண்டனில் எந்த ரயில், எங்கே மாறுவது என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, "ஆக்களைக் கேட்டுப் போவன்," என்றாள்.

பின்னேரம், ஹோட்டல் சமையலறையில் இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய இடைவேளையில், தொலைபேசி அடித்தது. மனைவியின் எண். பேசியது அக்கா.

"தம்பி, உம்மட மனிசி வந்து ரெண்டு மணித்தியாலம் ஆகுது. ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். தேத்தண்ணி போட எழும்பவும் விடுறாளில்லை. இவள் உங்கையும் இப்பிடித்தானோ?"

"கொஞ்சம் விடுங்கோ அக்கா. கதைப்பா."

"கதைக்காட்டிப் பரவாயில்லை. இத்தனை வருசம் போனில கதைச்சதே போதும்." அக்கா மூச்சு வாங்கினார். பின்னால் வேறு சத்தம் ஒன்றும் இல்லை. "சரி, நான் வைக்கிறன் தம்பி. ஒரு கையால போனைப் பிடிக்கிறது கஷ்டமாக் கிடக்கு."